தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவதற்கு முன்
பழைய அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெக்கானிக்குகளுக்கு,

சூடாகிறது என்று ஒரு பழைய அவுட்போர்டு மோட்டார் பட்டறைக்கு வந்தால், பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது ஹெட்டின் மேலிருக்கும் சின்ன மூடிதான். உப்பும் மணலும் அப்பிய தெர்மோஸ்டாட் வெளியே வரும். மூடி தன் இடத்துக்குத் திரும்பும். தெர்மோஸ்டாட் பழைய இரும்பு டப்பாவுக்குப் போகும். "இது குளிர் நாட்டுக்காரனுக்கு வெச்சது, நம்ம கடலுக்கு எதுக்கு?" என்ற விளக்கமும் கூடவே வரும். மோட்டார் அன்றைக்குச் சூடாகாமல் ஓடும், படகுக்காரரும் நிம்மதியாகப் போவார். இந்த வழக்கத்தை மறுத்து வாதிடத்தான் இதை எழுதுகிறேன். தெர்மோஸ்டாட் வைத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த மோட்டார் தெர்மோஸ்டாட்டோடுதான் ஓட வேண்டும். அது கெட்டால் அதே அளவில், அதே வெப்பநிலையில் திறக்கும் புதியதைப் போட வேண்டும். கழற்றி எறிவதால் பழுது தீர்வதில்லை. அது கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது, கூடவே இன்னொரு பழுதும் மெதுவாகத் தொடங்குகிறது.

எவின்ரூட், ஜான்சன் போன்ற பழைய அமெரிக்க மோட்டார்களை வைத்தே பேசுகிறேன். இந்தச் சாதனம் எதற்காக வந்தது என்பது அவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஓலே எவின்ரூட் மில்வாக்கியில் தன் மோட்டாரை 1909இல் விற்கத் தொடங்கினார். அப்போதைய மோட்டார்களுக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது. பம்ப் எவ்வளவு தண்ணீரை ஏற்றுகிறதோ அவ்வளவும் சிலிண்டரைச் சுற்றி ஓடி வெளியேறிவிடும். சிறிய மோட்டார், ஒரே வேகம், கொஞ்ச நேர ஓட்டம் என்றிருந்தவரை அது போதுமாக இருந்தது. 1950களில் குதிரைத்திறன் கிடுகிடுவென்று உயர்ந்தது. 1958இல் ஜான்சனும் எவின்ரூட்டும் 50 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் மோட்டாரைக் கொண்டுவந்தன. முழு வேகத்தில் அந்த அளவு சக்தியைக் குளிர்விக்கப் போதுமான தண்ணீரைத் தரும் பம்ப், தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும் நேரத்தில் அதே மோட்டாரை அளவுக்கு மீறிக் குளிர்வித்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு காவலாளி தேவைப்பட்டது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்தக் குடும்பத்தின் நடுத்தர, பெரிய மோட்டார்களில் தெர்மோஸ்டாட் வழக்கமானதற்குக் காரணம் இதுதான்.

அதன் உள்ளே இருப்பது ஒரு சின்னக் குப்பியில் அடைத்த மெழுகு. குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகும், உருகும்போது விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி வால்வைத் திறக்கும். சூடு குறைந்தால் மெழுகு இறுகும், ஸ்பிரிங் வால்வை மூடும். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. வால்வு மூடியிருக்கும்போதும் கொஞ்சம் தண்ணீர் மாற்று வழியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வேகம் கூடி பம்பின் அழுத்தம் ஏறும்போது, பல மாடல்களில் ஒரு ஸ்பிரிங் வால்வு தானே விலகி முழுத் தண்ணீருக்கும் வழிவிடும். ஆகவே தெர்மோஸ்டாட் தண்ணீரை மறித்து மோட்டாரைச் சூடாக்குகிறது என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை. முழு வேகத்தில் அதற்கு வேலையே குறைவு. தொடங்கும்போதும், மெதுவாக ஓடும்போதும்தான் அது மோட்டாரை ஆள்கிறது.

இப்போது என் வாதத்தின் முதல் சான்று. ஜான்சன், எவின்ரூட் இரண்டையும் தயாரித்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன், தன் பழைய சர்வீஸ் கையேடுகளில் குளிர்விப்பைச் சோதிக்க ஒரு முறை சொல்லியிருந்தது. குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் இரண்டு சுண்ணக்கட்டி போன்ற குச்சிகள். ஒன்று 125 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும், மற்றது 163இல். செல்சியஸில் ஏறக்குறைய 52, 73. மோட்டாரை ஓடவிட்டு ஹெட்டில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். 163 டிகிரிக் கோடு உருகக் கூடாது என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வோம். நாம் கவனிக்காமல் விடுவது மற்றதை: 125 டிகிரிக் கோடு உருகியே தீர வேண்டும். உருகாவிட்டால் மோட்டார் சோதனையில் தேறவில்லை. வடிவமைத்தவர்கள் மேல் எல்லையோடு கீழ் எல்லையும் வைத்தார்கள். அதிகக் குளிர்ச்சியையும் அவர்கள் ஒரு பழுதாகவே கணக்கிட்டார்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் மெதுவாக ஓடும் மோட்டார் அந்தக் கீழ் எல்லையை எட்டுவது கடினம்.

அதிகக் குளிர்ச்சி அப்படி என்ன செய்துவிடும்? டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் எரிபொருளும் ஆயிலும் கலந்தே முதலில் கிராங்க் கேஸுக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. உலோகம் குளிர்ந்திருந்தால் எரிபொருள் ஆவியாகாமல் துளியாகச் சுவரில் ஒட்டும். ஒட்டிய துளி அங்கிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். மீதி எரியாமலே புகையாக வெளியேறும். பிளக் கறுத்து ஈரமாகும், ரிங் கரியில் ஒட்டும், ஸ்லோவில் மோட்டார் திக்கும். அதைச் சரிசெய்ய மிக்சரை மாற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழுவுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள். கரி திரும்பத் திரும்ப வரும். தமிழ்நாட்டு, கேரளக் கரைகளில் இது இன்னும் பெரிய விஷயம். இங்கே ஏராளமான அவுட்போர்டு மோட்டார்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். பெட்ரோலின் இலகுவான பகுதி 40 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 டிகிரிக்கு அருகில்தான். அதனால்தான் அந்த மோட்டார்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றச் சொல்கிறார்கள். சூடேற வேண்டும் என்று தெரிந்தே காத்திருக்கிறோம். சூடேற்றித் தரும் பாகத்தை மட்டும் கழற்றி வைத்திருக்கிறோம். இந்த முரண்பாட்டை யாரும் கேள்வி கேட்பதாகத் தெரியவில்லை.

இன்னொரு கேடு அவ்வளவு மெதுவாக வராது. பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் ஸ்லீவ் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, இருவரும் ஓரளவு சேர்ந்து சூடேறுவார்கள் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டது. சிலிண்டரைச் சுற்றிக் குளிர்ந்த நீர் தாராளமாக ஓட, திடீரென்று முழு வேகம் கொடுத்தால் பிஸ்டன் மட்டும் விரிந்து சுவரைப் பிடிக்கும். சூடாகாமலே மோட்டார் சீஸ் ஆவது இப்படித்தான். சோழமண்டலக் கரையில் வள்ளத்தை மணலிலிருந்து நேரே அலைக்குள் தள்ளுகிறோம். அலையைத் தாண்ட வேண்டுமானால் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முழு வேகம் கொடுத்தாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் மோட்டார் எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவுதான் பிஸ்டனுக்குப் பாதுகாப்பு. ஏரியில் நிதானமாகக் கிளம்புகிறவரைவிட, அலை தாண்டிப் போகிறவருக்குத்தான் தெர்மோஸ்டாட் அதிகம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் மறுப்புகள். முதலாவது, நம் கடல் சூடானது என்பது. உண்மைதான். மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்து ஏரியில் வசந்தத் தொடக்கத்தில் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே இருக்கும். நம் பக்கம் பெரும்பாலும் 27இலிருந்து 30. தெர்மோஸ்டாட்டை எடுத்தால் அங்கே ஏற்படும் கெடுதல் இங்கே அதே அளவுக்கு ஏற்படாது, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் தண்ணீருக்கும் மோட்டார் இருக்க வேண்டிய வெப்பநிலைக்கும் நடுவில் இன்னும் 30 டிகிரி பாக்கி இருக்கிறது. அந்த முப்பதைத் தாண்டத்தான் உதவி தேவை. மறுபக்கம், சூடான கடலில் தெர்மோஸ்டாட் எந்தத் தீங்கும் செய்வதில்லை. தண்ணீர் சூடாக வந்தால் அது சீக்கிரம் திறக்கும், அதிக நேரம் திறந்தே இருக்கும். எந்த ஊர்க் கடல் என்று மெழுகுக்குத் தெரிய வேண்டியதில்லை, எவ்வளவு சூடு என்று தெரிந்தால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியைச் சிலர் நியாயமாகவே கேட்பார்கள்: மோட்டார் குளிர்ந்திருந்தால் உள்ளே உப்புப் படிவு குறையுமே? ஆம், கொஞ்சம் குறையும். கடல்நீர் சூடேறச் சூடேற அதிலுள்ள சுண்ணாம்பு வகை உப்புகள் உலோகத்தில் படியும் வேகம் கூடும். இதை வடிவமைத்தவர்கள் மறந்துவிடவில்லை. கார் தெர்மோஸ்டாட் 80, 90 டிகிரியில் திறக்கும். அவுட்போர்டு தெர்மோஸ்டாட் 50க்கும் 65க்கும் இடையில் எங்கேயோ திறப்பது உப்பை மனதில் வைத்துத்தான். எரிபொருள் ஆவியாகவும் வேண்டும், உப்பும் படியக் கூடாது என்ற இரண்டு தேவைகளும் சந்திக்கும் இடம் அது. மிச்ச உப்பைக் கழுவ வழி, ஒவ்வொரு முறை கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் மோட்டாரை ஓட்டிக் கழுவுவது. அதில்கூட ஒரு விஷயம்: தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடேறும் வரை ஓட்டினால்தான் நல்ல தண்ணீர் ஹெட்டின் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் கழுவினோம் என்ற திருப்தி மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், நடுக்கடலில் மோட்டார் போய்விடும். இல்லாத பாகம் சிக்காது. இதில் உள்ள பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சிக்குவது எப்போது? ஆண்டுக்கணக்கில் திறந்தே பார்க்காதபோது, கழுவாதபோது, மெழுகுக் குப்பி அரித்துப்போன பிறகும் விட்டுவைக்கும்போது. மணலும் சிப்பித் துணுக்கும் வால்வில் அகப்பட்டால் அது மூட முடியாமல் திறந்தே நிற்பதும் உண்டு. இரண்டுமே பராமரிப்புக் குறைவின் விளைவுகள். அதற்கு மருந்து, பருவம் தொடங்கும்முன் மூடியைத் திறந்து பார்ப்பது. இன்னும் முக்கியமானது ஒன்று. சூடாகிற பழைய மோட்டாரில் குற்றவாளி பெரும்பாலும் தெர்மோஸ்டாட் அல்ல. கீழே கியர் கேஸுக்கு மேலே இருக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர்தான் முதல் சந்தேகத்துக்குரியது. மணல் கலந்த தண்ணீரில் அதன் இறக்கைகள் தேய்கின்றன. பழைய ரப்பர் வளைந்த நிலையிலேயே விறைத்துப்போகிறது. ஒருமுறை தண்ணீரில்லாமல் ஓட்டினால் சில நொடிகளில் கருகுகிறது. அடுத்தது உப்பு அடைத்த நீர்ப்பாதை. அதற்கடுத்தது, எரிந்த வாயுவைத் தண்ணீர்ப் பாதைக்குள் கசியவிடும் ஹெட் கேஸ்கட். இம்பெல்லர் பாதி தேய்ந்த மோட்டாரில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் வழி அகலமாகி, இருக்கும் கொஞ்சத் தண்ணீரே ஒப்பேற்றிவிடும். சூடு அடங்கும், பாராட்டு வரும். இம்பெல்லர் தொடர்ந்து தேயும். அடுத்த முறை சூடேறும்போது கழற்ற எதுவும் மிச்சமிருக்காது.

அது மட்டுமல்ல, வழியை அகலப்படுத்துவது எல்லா மோட்டாரிலும் நல்லதும் அல்ல. தண்ணீர் எந்தச் சிலிண்டரைச் சுற்றி எவ்வளவு ஓட வேண்டும் என்பது துளைகளின் அளவையும் தெர்மோஸ்டாட் தரும் எதிர்ப்பையும் சேர்த்தே கணக்கிடப்பட்டிருக்கிறது. மேலே தெர்மோஸ்டாட் வைத்த சில அமைப்புகளில், ஸ்லோவில் ஓடும்போது ஹெட் முழுவதும் தண்ணீர் நிரம்பி நிற்க அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எளிதான வழியில் ஓடிவிடும். மேல் சிலிண்டரின் உச்சி காய்ந்து நிற்கலாம். வெளியே பீய்ச்சும் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவு செய்வது இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும்.

மூன்றாவது மறுப்பு: அந்தக் காலத்து மோட்டார்கள் தெர்மோஸ்டாட் இல்லாமலே பல்லாண்டு ஓடவில்லையா? ஓடின. அவற்றின் பம்பும் நீர்ப்பாதையும் தெர்மோஸ்டாட் இல்லை என்று வைத்தே செய்யப்பட்டவை. 1950களின் தொடக்கத்து மாடலுக்குத் தெர்மோஸ்டாட் மாட்ட முயல்வது எவ்வளவு தேவையற்றதோ, 1960களின் மாடலிலிருந்து எடுப்பதும் அவ்வளவு தேவையற்றது. பெயர்ப் பலகையில் உள்ள மாடல் எண்ணைப் பாகப் பட்டியலோடு ஒப்பிட்டால் எது எந்த வகை என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

பாகம் கிடைக்காது என்பார்கள். அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000இன் இறுதியில் திவாலானது. அந்தப் பெயர்களை வாங்கிய கனடா நிறுவனம் 2020இல் எவின்ரூட் தயாரிப்பையும் நிறுத்தியது. ஆனாலும் தெர்மோஸ்டாட் அரிய பாகங்களில் சேராது. ஒரே தெர்மோஸ்டாட் பல மாடல்களுக்கும் பல ஆண்டுகளுக்கும் பொதுவாக இருந்ததால், சியரா போன்ற வெளி நிறுவனங்கள் கேஸ்கட்டோடு சேர்த்தே விற்கின்றன. யமஹா, சுசுகி பழைய டூ-ஸ்ட்ரோக்குகளுக்குத் தேடல் இன்னும் எளிது. ஆபத்து எங்கே என்றால், கிடைக்கவில்லை என்று அளவு ஒத்துப்போகும் கார் தெர்மோஸ்டாட் ஒன்றை உள்ளே திணிப்பதில். 82 டிகிரியில் திறக்கும் அந்தப் பொருளைக் கடல்நீர் ஓடும் மோட்டாரில் வைப்பதைவிடக் காலியாக விடுவதே மேல். இந்த ஓரிடத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

பேசாமல் விடப்படும் உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன்: போல்ட். உப்புக் காற்றில் நாற்பது, ஐம்பது வருடம் நின்ற அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் வெள்ளைப் பொடி பூத்து இறுகிக் கிடக்கும். முறுக்கினால் தலை உடையும், உடைந்தால் துளை போட்டு மரை வெட்ட வேண்டும், அந்தக் கூலியைப் படகுக்காரர் தர மாட்டார். ஒருமுறை கழற்றியதே பெரிய பாடு, இனி திறக்கவே வேண்டாம் என்று உள்ளே காலியாக விட்டு மூடுவது மனித இயல்புதான். இதற்குப் பொறுமையைத் தவிர வழியில்லை. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு வையுங்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். பெட்ரோல் டேங்க்கும் குழாயும் எட்டத்தில் இருக்கட்டும். போல்ட் தலையில் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். அசைந்த பிறகும் ஒரே மூச்சில் கழற்றாமல் முன்னும் பின்னுமாகக் கொண்டு வாருங்கள். அமெரிக்க மோட்டார்களின் போல்ட்டுகள் அங்குல அளவு. கால் அங்குல போல்ட் தொலைந்தால் 6 மில்லிமீட்டர் போல்ட்டை மாட்டாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் மரையின் இடைவெளி வேறு, அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். திரும்ப மாட்டும்போது மரையில் கடல்நீர் தாங்கும் கிரீஸ் பூசி, 7இலிருந்து 9 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் இறுக்கினால் அடுத்த முறை திறப்பவர் உங்களைத் திட்ட மாட்டார்.

மாட்டும் வேலை சின்னது. பழைய கேஸ்கட்டை மரத்துண்டாலோ பிளாஸ்டிக்காலோ சுரண்டுங்கள்; உளி பட்டால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடு வழியே கசியும். தெர்மோஸ்டாட் உட்காரும் குழியில் படிவு இருந்தால் அது சாய்ந்து உட்கார்ந்து எப்போதும் ஒழுகும். மெழுகுக் குப்பி உள்ள பக்கம் மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும், சூட்டை அது அங்கிருந்துதான் உணர்கிறது. புதியதையும் சோதித்தே மாட்டுங்கள். வால்வின் வாயில் ஒரு நூலைக் கவ்வ வைத்து, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கினால் திறக்கும் நேரத்தில் அது நூலை விட்டுவிட்டு விழும். அதில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் விழுந்த வெப்பநிலைக்கும் ஓரிரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு டிரம்மில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். டிரம் தண்ணீர் விரைவில் சூடாகும், அதில் எக்சாஸ்ட் குமிழிகளும் கலக்கும், கணக்கு தப்பும். படகில் மாட்டி, ஸ்லோவில் சில நிமிடம் ஓடவிட்டு, இன்ஃப்ரா-ரெட் வெப்பமானியால் ஒவ்வொரு சிலிண்டரின் ஹெட்டையும் தனித்தனியே அளவிடுங்கள். ஏறி, ஓரிடத்தில் நின்று, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும் எண்ணைக் கண்டால் மெழுகு வேலை செய்கிறது. ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக ஏறினால் அடைப்பைத் தேட வேண்டிய இடம் அது.

நடுக்கடலில் மோட்டார் கொதித்து, கரை சேர வேறு வழியில்லாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அதுதான் சரி. பாகம் வந்து சேரும் வரை சில நாள் அப்படியே ஓட்டவும் நேரலாம். அப்போது படகுக்காரரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், மூடியின் மேல் அழியாத பெயிண்டில் "தெர்மோஸ்டாட் இல்லை" என்று தேதியோடு எழுதியும் விடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பிளக் ஏன் கறுக்கிறது என்று கார்புரேட்டரைக் கழற்றப்போகும் இன்னொரு மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரி அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

அன்புடன்,
பழைய மோட்டார்களின் நலம் விரும்பி ஒருவர்